9,400 ரூபாய்க்கு ஒரு கோணல் வில்: நாண் ஏற்றும் முன் இதைப் படிங்க

மலிவு விலையில் மர ரீகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வகை) தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுவதால் வரிசை முன்னே பின்னே இருக்கும். வில் 7,200, ஆறு அம்பு 1,800, கூரியர் 400. மொத்தம் 9,400 ரூபாய். வந்து சேர்ந்த சரக்கு சுவரில் மாட்டத்தான் ஆகும்.

விற்றவர் பெரிய இணையச் சந்தை ஒன்றில் விளையாட்டுச் சாமான் கடை போட்டிருப்பவர். பெயர் சொல்லவில்லை. 62 அங்குல டேக்டவுன் (பிரித்து மாட்டும் வகை), மர ரைசர் (கையால் பிடிக்கும் நடுப்பகுதி), நடுவில் மேப்பிள் மரம் வைத்து இருபுறமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய லிம்ப் (ரைசரின் மேலும் கீழும் மாட்டும் வளையும் பகுதி). சாமிக் சேஜ் வில்லைப் பார்த்துச் செய்த நகல்களில் ஒன்று. நகலாக இருப்பதில் தப்பில்லை, ஒழுங்காகச் செய்த நகலும் கிடைக்கிறது.

நம்ப வைத்தது அந்த ஆளின் பேச்சு. "ப்ரோ, 28 இன்ச்சுல கரெக்டா 30 பவுண்டு. நானே இதுலதான் டெய்லி அடிக்கிறேன்." வில்லை இழுக்கத் தேவையான எடை எத்தனை அங்குல இழுப்பில் அளந்தது என்று கேட்பதற்கு முன்பே சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? கூடவே ஒரு வீடியோ, மஞ்சள் வட்டத்தில் வரிசையாக அம்பு இறங்குகிறது. அந்த வீடியோ முழுக்கப் பக்கவாட்டில் எடுத்தது. பக்கவாட்டில் பார்த்தால் எந்தக் கோணல் வில்லும் நேராகத்தான் தெரியும்.

நாண் ஏற்றிய வில்லை, நாண் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் ரைசரின் நடுவிலும் இரண்டு லிம்ப்பின் நடுவிலும் ஒரே கோடாக ஓட வேண்டும். இதில் மேல் லிம்ப்பின் நுனி கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, நாண், நுனியில் அது உட்கார வேண்டிய பள்ளத்தின் ஓரத்தில் தொங்குகிறது. அம்பை விடும்போது நாண் பள்ளத்தை விட்டுத் தாவினால் லிம்ப் திருப்பி அடிக்கும், முகம் பக்கத்தில்தான் இருக்கிறது. கோளாறு லிம்ப்பிலா ரைசரிலா என்று தெரிய மேல் லிம்ப்பைக் கீழேயும் கீழ் லிம்ப்பை மேலேயும் மாட்டிப் பார்க்கலாம். கோணல் லிம்ப்போடு சேர்ந்து போனால் லிம்ப் முறுக்கு, அதே இடத்தில் நின்றால் ரைசரில் போல்ட் துளையோ லிம்ப் உட்காரும் பள்ளமோ சாய்வு. லேசான முறுக்கைக் கையால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சரி செய்யலாம், ரைசர் சாய்வை ஒன்றும் செய்ய முடியாது. இதில் ரைசர்தான் சாய்வு.

பொறி இங்கேதான். நாண் ஏற்றாமல் இந்தக் கோணல் சரியாகத் தெரியாது. நாண் ஏற்றிவிட்டால் "யூஸ் பண்ண பொருள், ரிட்டர்ன் கிடையாது". சோதித்துப் பார்ப்பதே குற்றம் என்றால் 9,400 ரூபாயை எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

30 பவுண்டு என்றாரே, அதுவும் பொய். பயணப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு போதும். கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை 26¼ அங்குலம் வரும்படி இழுத்தால் அதுதான் "28 அங்குல" அளவு, மிச்சம் 1¾ அங்குலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது வழக்கம். 30 பவுண்டுக்கு 13.6 கிலோ காட்ட வேண்டும். காட்டியது 17.2 கிலோ, அதாவது 38 பவுண்டு. புதிதாகப் பழகுகிறவர் தோளுக்கு எட்டு பவுண்டு கூடுதல் சின்ன விஷயமில்லை. நாணும் நீளம். 62 அங்குல வில்லுக்கு நாண் சுமார் 59 அங்குலம் இருக்க வேண்டும், வந்தது 61. நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஏழரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுகூட இல்லை, முன்கையில் அடி விழுகிறது. நாணாவது மாற்றிக்கொள்ளலாம்.

அம்பு இன்னும் மோசம். "கார்பன், 500 ஸ்பைன், எல்லா வில்லுக்கும் செட் ஆகும்" என்று விளம்பரம். ஸ்பைன் என்பது அம்புத் தண்டு எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண், எண் கூடினால் விறைப்பு குறைவு. எல்லா வில்லுக்கும் பொருந்தும் ஸ்பைன் என்று ஒன்று உலகத்தில் இல்லை. உண்மையான 30 பவுண்டு வில்லுக்கு 700, 800 பக்கம் பார்க்க வேண்டும். விறைப்பு கூடினால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும். ஸ்பைனை வீட்டிலேயே அளக்கலாம்: இரண்டு தாங்கிகளை 28 அங்குல இடைவெளியில் வைத்து, தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிடுங்கள், பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்தால் ஆயிற்று. 500 ஸ்பைன் என்றால் நடுவில் 12.7 மில்லிமீட்டர் தாழும். இந்த ஆறில் ஒன்று 12, இன்னொன்று 17, மற்றவை இடையில் எங்கெங்கோ. எடையும் அப்படியே, 21 கிராமிலிருந்து 26 கிராம் வரை. ஒரே செட்டாம்! படத்தில் காட்டியது இறகு, வந்தது பிளாஸ்டிக் வேன் (அம்பின் வால் தகடு). ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் சின்னத் தாங்கி) இல்லாமல் ரைசர் மேடையிலிருந்தே எய்தால் பிளாஸ்டிக் இடித்து அம்பைத் தள்ளிவிடும், இறகு மடங்கிக் கொடுக்கும். ஒரு அம்பை இலக்கிலிருந்து உருவினால் முனை ஃபோமுக்குள்ளேயே தங்கிவிட்டது, முனையைத் தண்டோடு பிடிக்கும் இன்சர்ட்டில் பசையே இல்லை.

இனி விற்றவரின் பதில்கள். முதலில், "ஸ்ட்ரிங்கர் போடாம காலுக்கு நடுவுல விட்டு வளைச்சிருப்பீங்க ப்ரோ". ஸ்ட்ரிங்கர் கயிறு (நாண் ஏற்ற உதவுவது) போட்டுத்தான் ஏற்றியது, அப்படியே இல்லாவிட்டாலும் அதில் லிம்ப் முறுக்கும், ரைசர் துளை எப்படிச் சாயும்? அடுத்தது, "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா?" அதற்கடுத்து, "புது லிம்ப் தரேன், 2,500 போட்டு விடுங்க". 9,400 போனது போதாதாம். சந்தையின் உதவி மையத்தில் கேட்டால் விற்பனையாளரிடம் பேசுங்கள் என்கிறார்கள். விற்பனையாளர் ப்ரோவிலிருந்து சாருக்கு மாறி, இப்போது நீல டிக் மட்டும். 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போயிருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது, இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பணம் கட்டும் முன், நாண் ஏற்றிய வில்லை நாண் பக்கமிருந்து நேராக எடுத்த படம் கேளுங்கள், உங்களுக்கு வரப்போகும் அதே வில்லின் படம். நாண் ஏற்றிப் பார்த்தபின் திரும்ப வாங்குவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வில்லையும் அம்பையும் ஒரே இடத்தில் கட்டாக வாங்காதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், கேவலமாக இருந்தாலும் எடுங்கள். லிம்ப் ஓரத்தில் பஞ்சு உருண்டையைத் தேய்த்துப் பாருங்கள், இழை சிக்கினால் அங்கே விரிசல், நாணே ஏற்ற வேண்டாம். கார்பன் அம்பை ஒவ்வொரு தடவையும் லேசாக வளைத்து, சத்தம் கேட்கிறதா என்று பார்த்த பிறகே நாணில் வையுங்கள், உடைந்தால் சிலாம்பு கைக்குள்தான் போகும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடச் சொல்லி எவராவது "டெஸ்ட்" கேட்டால் செய்யாதீர்கள், லிம்ப் உடையும், பழி உங்கள் மேல் வரும்.