தோளுக்கு போனா தூக்கத்த பத்தி கேக்குறாங்க (மஞ்சக்குப்பம் பிசியோ சென்டர், 4/5)

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மாடியில இருக்குற சின்ன பிசியோ சென்டர், ஆறு சிட்டிங் முடிச்சிட்டு எழுதுறேன். நமக்கு சிப்காட்ல ஷிப்ட் வேலை. 200 லிட்டர் பேரலை சாய்ச்சு உருட்டும்போது வலது தோள் புடிச்சிகிச்சு, கைய தூக்கி தலை சீவக்கூட முடியல.

போன உடனே மிஷின மாட்டிடுவாங்கன்னு பாத்தா அந்த மேடம் என்ன ஷிப்ட்டு, எத்தன மணி நேரம் தூங்குனீங்க, அன்னிக்கு யாராச்சும் திட்டுனாங்களான்னு வரிசையா கேக்குறாங்க. எனக்கு கடுப்பாயிடுச்சு. அப்புறம் யோசிச்சா, அது தொடர்ந்து மூணாவது நைட்டு, வெளிய டேங்கர் நிக்குது, சூப்பர்வைசர் போன் மேல போன், பேரல் டிராலி இருபது அடி தள்ளி சும்மாதான் நின்னுச்சு, எட்டு வருஷமா அது இல்லாம நான் பேரலை தொட்டதே இல்ல, அன்னிக்கு போய் இழுத்துட்டு வர பொறுமை இல்ல. டென்ஷன்ல கழுத்து தோளெல்லாம் மொதல்லயே இறுகி கெடக்கும், அதோட வெயிட்ட இழுத்தா புடிச்சிக்கும்னு சொன்னாங்க.

நான் நம்பல. ரெண்டாவது சிட்டிங்ல கழுத்தோரமா கட்டைவிரல வச்சு அழுத்திட்டிருக்கும்போது போன் அடிச்சுது, சூப்பர்வைசர். எடுக்கக்கூட இல்ல. "அண்ணா, தோளு எங்க போச்சு பாருங்க, காதுகிட்ட ஏறிடுச்சு"ன்னாங்க. நெசமாவே ஏறித்தான் இருந்துச்சு!

இன்னொன்னு, வேலை பாக்குற எடத்துல இருக்குறவங்க, "வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு"ன்னாங்க. சாதா சிக் லீவுன்னா இஎஸ்ஐல சம்பளத்துல 70 சதவீதம், வேலையில அடிபட்டதுன்னா 90 சதவீதம்ங்கிறதே இந்த மேடம் சொல்லித்தான் தெரியும். கேஸ் ஷீட்லயும் நடந்தத நடந்தபடியே எழுதுனாங்க.

சிட்டிங் 300 ரூவா, கைக்காசுதான், இஎஸ்ஐ கார்டெல்லாம் இங்க எடுபடாது. வலிக்கு லேசா கரண்ட் வைக்கிற ஐஎஃப்டி மிஷின் ஒன்னே ஒன்னு, சாயங்காலம் போனா ஒரு மணி நேரம் உக்காரணும், நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில போனீங்கன்னா காலியா இருக்கும். வீட்டுல பண்ண சொன்ன எக்சர்சைஸ் பத்து நிமிஷந்தான், துண்டு ஒன்னு இருந்தா போதும். கை இப்ப தலைக்கு மேல போகுது.

ஒரு ஸ்டார் கொறைச்சது அந்த படிக்கட்டுக்கு, முதுகுவலிக்காரங்க கைப்புடிய புடிச்சிகிட்டு ஏறுறத பாத்தா பாவமா இருக்கு.