பதினொன்றாம் வகுப்பில் இயந்திரவியல்: ஒரு லேத் பட்டறைக்காரரின் மதிப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான கடைசல் வேலை செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் உள்ள அடிப்படை இயந்திரவியல் என்னும் தொழிற்கல்விப் பிரிவில்தான் என் அக்கா மகன் படித்தான். அங்கே படித்த வேறு சில பிள்ளைகளும் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் அந்தப் பிரிவில் சேர்க்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்பதால், நான் கண்டதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978ஆம் ஆண்டிலிருந்தே தொழிற்கல்விப் பிரிவு உண்டு. ஆனாலும் மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கும் இடம் என்ற பெயர் அதைவிட்டு இன்னும் போகவில்லை. குறைந்தபட்சம் நான் பார்த்த பள்ளியில் அந்தப் பெயருக்கு நியாயம் இல்லை.

அங்கே மிகச் சிறப்பாகச் சொல்லித் தருவது அளவெடுத்தலை. 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர், 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர் ஆகிய நுண்ணளவுக் கருவிகளில், ஒரே துண்டை மூன்று மாணவர்கள் தனித்தனியாக அளந்து, மூவரின் அளவும் ஒத்து வந்த பிறகே அதை லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் ஏற்ற ஆசிரியர் அனுமதிக்கிறார். படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் தாங்கி அது சுழல இடம் தரும் புஷ் என்னும் உருளை வளையம் சற்று இறுக்கமாக அமைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், தளர்ந்தால் படகே அதிரும் என்பதைப் பட்டறையில் அடிபட்டுத்தான் நாங்கள் கற்றோம். இந்தப் பிள்ளைகளோ அந்தக் கவனத்தோடுதான் வேலைக்கே வருகிறார்கள். முகப்புக் கடைசல், படிக் கடைசல், சரிவுக் கடைசல் ஆகிய அடிப்படை லேத் வேலைகளிலும் கை ஓரளவு பழகியிருக்கிறது. மரை வெட்டுவதில் மட்டும் தடுமாறுகிறார்கள். பதினாறு வயதில் அது பெரிய குறையன்று.

கணினிக் கட்டளைப்படி தானே வெட்டும் சி.என்.சி. இயந்திரத்துக்கான பாடத்தில்தான் குறை இருக்கிறது. பள்ளியில் அந்த இயந்திரம் இல்லாததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள அதை, எண்ணெய் பூசாமல் விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போனாலே சாதாரண லேத்தின் படுக்கை எனப்படும் அடித்தளத்தில் துரு ஏறிவிடும் இந்த உப்புக்காற்றில் வைத்துப் பராமரிப்பது எளிதான செயலன்று. ஆனால் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடுவதை ஏற்க முடியவில்லை. அந்த இயந்திரத்துக்கான கட்டளைகளில் ஜி00 என்றால் வேக நகர்வு, ஜி01 என்றால் ஊட்ட வேகத்தில், அதாவது வெட்டுவதற்கெனக் குறித்த நகர்வு வேகத்தில், நேர்கோட்டு வெட்டு என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஜி01 எழுத வேண்டிய இடத்தில் ஜி00 எழுதிவிட்டால் வெட்டும் டூல் வேலைப்பொருளில் போய் முட்டும் என்பதைத் திரையிலாவது ஒருமுறை பார்த்திருந்தால்தான் அந்தப் பாடம் மனத்தில் நிற்கும். பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் இயந்திரத்தின் இயக்கத்தைத் திரையில் காட்டும் சிமுலேட்டர் மென்பொருள் ஒன்றை ஏற்றப் பெரிய செலவு ஆகாது. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் 2023 முதல் திறக்கப்பட்டுவரும், கணினிவழி நவீன உற்பத்தியைக் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்களில் சி.என்.சி.யும் ரோபோக்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை பேருந்து வைத்து மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு வாய்ப்பும் வீணாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன, எங்கள் பட்டறைகளில் இரவு பகலாக வேலை நடக்கிறது. பள்ளிக் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. பதினொன்றாம் வகுப்பை முடித்த பிள்ளைகளை ஆசிரியரின் மேற்பார்வையில் அந்த விடுமுறையில் பட்டறைகளுக்கு அனுப்பினால், ஓர் ஆண்டுச் செய்முறைக்கு ஈடான பழக்கம் கிடைக்கும். நான் கேட்டுப் பார்த்தேன். மேலிடத்து ஆணை வேண்டும் என்றார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மாவட்டத்தில் நவீன உற்பத்தித் தொழிற்சாலைகள் அரிது. ஒரகடம், ஓசூர், கோவை என்று புறப்பட மனமில்லாதவர்களுக்குப் படகுப் பட்டறைகளே கதி. பன்னிரண்டாம் வகுப்போடு நேரே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவியாளர் இடம்தான் கிடைக்கிறது. ஆகவே மேலே படிப்பதே நல்லது. தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. என் அக்கா மகன் இப்போது பாலிடெக்னிக்கில்தான் இருக்கிறான். வகுப்பில் மைக்ரோமீட்டரை முதல் நாளே சரியாகப் பிடித்தவன் தான் ஒருவன்தான் என்று பெருமை பேசுகிறான். அது எவ்வளவு உண்மையோ தெரியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எந்தப் பள்ளியில் சேர்ப்பதானாலும் பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்: லேத்தின் படுக்கையில் எண்ணெய்ப் பளபளப்பும் அடியில் கடைந்து விழுந்த இரும்புச் சுருளும் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள்.