தோலா, துணியா, பேல் பஜார் ஜெக்கட்டா? மலைப்பாதைக்கு எதை உடுத்துவது

கண்டியிலிருந்து ஏ5 வீதியில் நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர் கம்பளையில் வியர்ப்பார், ரம்பொடையில் நனைவார், லபுக்கலையில் நடுங்குவார். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரை பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரே காலைப் பயணத்தில் ஒன்பது பாகை போய்விடுகிறது. அதோடு காற்றும் சேர்கிறது. பத்துப் பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது ஆறு பாகைபோலத்தான் உறைக்கும்.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பல வருடங்களாக வேலைக்காக ஓடுகிறேன். தோல் ஜெக்கட், காப்புத் திண்டு வைத்த துணி ஜெக்கட், நுவரெலியாக் கடைவரிசையில் வாங்கும் பேல் பஜார் ஜெக்கட் மூன்றும் என் வீட்டு ஆணியில் தொங்கியிருக்கின்றன. தோல் இப்போது இல்லை.

அதை ஒருவர் பாவித்த நிலையில் வாங்கினேன். தார் வீதியில் விழுந்து சறுக்கினால் தோலைப்போலத் தாங்கும் பொருள் குறைவு. கனத்த மாட்டுத்தோல் எளிதில் தேயாது, கிழியாது. காற்றும் உள்ளே நுழையாது. இவ்வளவு நல்லதையும் ஜூன் மாதத்து ஹட்டன் மழை ஒரே வாரத்தில் பொய்யாக்கிவிட்டது. நனைந்த தோல் நீரைக் குடித்துக் கனத்தது. அடுப்படியில் தொங்கவிட்டும் நான்காம் நாள் கழுத்துப் பட்டியில் ஈரம் இருந்தது. அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால் அக்குளில் பச்சையாகப் பூஞ்சணம். வெயில் காணும் ஊர்க்காரருக்குத் தோல் சரியாக இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் மேற்குச் சரிவில் அது காசைக் கரைக்கும் ஆசைதான்.

துணி ஜெக்கட் என்பது தடித்த நைலோன் அல்லது பொலியெஸ்டரில் தைத்து, தோளிலும் முழங்கையிலும் காப்புத் திண்டு வைத்தது. இங்கே ஏமாறும் இடம் அந்தத் திண்டுதான். அதை வெளியே எடுத்துப் பாருங்கள். ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பிய தர எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் அதன் மேல் அச்சாகியிருக்க வேண்டும். சோதனையில் அடியின் விசையைச் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே விடாதது நிலை 1, 20க்கு மேல் விடாதது நிலை 2. ஒரு கடையில் எனக்கு ‘ரேஸிங் ஜெக்கட்’ என்று காட்டியதற்குள் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் போன்ற ஒன்று இருந்தது. பெருவிரலால் அழுத்தினேன், மறுபக்கம் தொட்டது.

மழைநீரை உள்ளே விடாத மெல்லிய சவ்வு சில துணி ஜெக்கட்டுகளில் உள்துணியோடு சேர்ந்திருக்கும். விளம்பரத்தில் அது ‘முழு நீர்க்காப்பு’. உடம்பு நனையாது என்பது உண்மைதான். ஆனால் வெளித்துணி நனைந்துவிடும். நனைந்த துணியில் காற்று அடிக்கும்போது நீர் ஆவியாகி, மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதுபோல உங்களைக் குளிர்விக்கும். அதனால் சவ்வு இருந்தாலும் மேலே ரெயின்கோட் போடுகிறவன் நான்.

பேல் பஜார் ஜெக்கட்டுக்கு அறிமுகம் தேவையில்லை. நுவரெலியாவுக்கு வரும் வெளியூர்க்காரர் முதலில் தேடுவது அந்தக் கடைவரிசையைத்தான். மேல்நாட்டுக் குளிருக்கென்று தைத்த ஜெக்கட்டுகள் அங்கே மலிவாகக் கிடைக்கின்றன. பஞ்சு அடைத்த ஜெக்கட் கொடுக்கும் சூட்டைத் தோல் கொடுக்காது. ஆனால் விழுந்தால் அதன் மெல்லிய நைலோன் வீதியில் உரசிக் கிழிந்துபோகும், அடுத்து உரசுவது உங்கள் தோல். இறகு அடைத்தது என்றால் இன்னொரு குறையும் உண்டு: நனைந்ததும் இறகு கட்டிபட்டுச் சூடு போய்விடும். செயற்கைப் பஞ்சு அவ்வளவு மோசமில்லை. என் வழக்கத்தில் பேல் பஜாருக்குப் போவது வெளியே போட அல்ல, உள்ளே போடத்தான். மெல்லிய பிளீஸ் ஒன்று, அதாவது பொலியெஸ்டரில் செய்த மென்மையான சூட்டுச் சட்டை, போதும். துணி ஜெக்கட்டுக்குள் அது அடங்கும், கம்பளையில் கழற்றிப் பையில் திணிக்கலாம். பொலியெஸ்டர் நூல் ஈரத்தை அநேகமாகக் குடிப்பதில்லை, உதறிப் போட்டால் காய்ந்துவிடும். பருத்தி பெனியன் அதற்கு நேர் எதிர், வியர்வையை நெஞ்சிலேயே வைத்திருந்து ரம்பொடைக்கு மேலே வட்டியோடு திருப்பித் தரும்.

அம்மாயி கொழுந்து பறித்த காலத்தில் மழைக்கும் கம்பளிதான், குளிருக்கும் கம்பளிதான். நனைந்த கம்பளி ஓரளவு சூடு தரும், ஆனால் சுமக்க முடியாது என்பார். மேலே கட்டப் படங்கு கிடைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் கம்பளிக்கு அதன் வேலை மட்டும் மிஞ்சியதாம். கடைகளில் ‘லேயரிங்’ என்று விற்பது இதைத்தான்.

ஆகவே கையில் காசு ஒரு பொருளுக்கு மட்டுமே இருந்தால் நான் வாங்கச் சொல்வது ரெயின்கோட். மேலும் கீழும் தனித்தனியாக வரும் இரண்டு துண்டு ரெயின்கோட், ஜெக்கட்டுக்கு மேல் போடும்படி ஒரு அளவு பெரிதாக. தலைவழியாகப் போடும் விரிந்த ரெயின்கோட் நடந்து போகிறவருக்கு. மோட்டார் சைக்கிளில் அது பாய்போலப் படபடக்கும், அதன் ஓரம் சங்கிலியில் சிக்கினால் அதோடு நீங்களும் போவீர்கள். நிறம் மஞ்சளாக இருக்கட்டும். மூடுபனியில் எதிரே வரும் பஸ் சாரதிக்கு கறுப்பு ரெயின்கோட் வீதியின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். குளிரைத் தடுப்பதும் அதே ரெயின்கோட்தான், காற்று அதற்குள் புகாது. விழுந்தால் அது காப்பாற்றாது. அந்தக் குறையை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

இனி கை. ஒரு ஜனவரி அதிகாலை நானுஓயாவுக்குக் கீழே ஒரு வளைவில் கிளட்சைப் பிடிக்க விரல்களுக்கு உத்தரவிட்டேன், அவை கேட்கவில்லை. தோல் கையுறைதான் போட்டிருந்தேன். லிந்துலையில் தூறலில் நனைந்தது. வண்டியை ஓரம்கட்டி இரு கைகளையும் என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். கையுறையைக் கழற்றியபோது சாயம் ஊறி விரல்கள் மசிக்கூட்டில் முக்கியதுபோல் இருந்தன. இரண்டு நாள் போகவில்லை.

பின்னல் கையுறையில் காற்று வலைக்குள் புகுவதுபோல் புகும். சவ்வு வைத்த தடித்த கையுறை நல்லது, ஆனால் விலை அதிகம், சிலவற்றில் பிரேக் பிடி உணராது. நான் கடைசியில் வந்து நின்றது சிரிப்புக்கிடமான ஒன்றில்: பின்னல் கையுறை, அதன் மேல் ஒரு அளவு பெரிய, சமையலறையில் பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை. தலவாக்கலையில் தேநீர் குடிக்க நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். விரல்கள் மடங்கும். விழுந்தால் உள்ளங்கைக்குக் காப்பில்லை என்பதால் வெயில் நாளில் தோலுக்கே திரும்பிவிடுகிறேன். எந்தக் கையுறையானாலும் மழையில் அதன் வாயை ரெயின்கோட் கைக்குள் விடுங்கள். ஹேண்டிலைப் பிடித்த கை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், வெளியே விட்டால் வழியும் தண்ணீர் முழுவதும் கையுறைக்குள்தான் போகும்.

விரல் விறைத்தால் நெஞ்சையும் கவனிக்க வேண்டும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். நல்ல கையுறையைவிட உள்ளே ஒரு கம்பளி வெஸ்ட் விரலுக்கு அதிகம் உதவிய நாட்கள் உண்டு.

ஹெல்மெட்டில் எனக்குக் குழப்பமில்லை, முழுமுகம்தான். தாடையில் குளிர் அடிப்பது ஒரு காரணம், தாடை வீதியில் அடிபடுவது பெரிய காரணம். அதன் தொல்லை, மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஆவி படிவது. இரண்டாவது உட்கண்ணாடி பொருத்தக்கூடியதை வாங்கினால் அது தீரும். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள், அன்றைய பயணத்துக்குப் போதும். கறுப்புக் கண்ணாடி மூடுபனிக்கு வேண்டாம். கழுத்துக்கு முனை தொங்கும் மஃப்ளரைவிடக் குழாய்போல மாட்டும் துணி பத்திரமானது.

காலுக்கு அதிகம் சொல்ல எதுவுமில்லை. டெனிம் நனைந்தால் காயாது, ரெயின்கோட் காற்சட்டை அதற்கு மேல் இருக்கட்டும். சப்பாத்தா கம்பூட்ஸா என்றால் மழைநாளில் கம்பூட்ஸ், கியர் மாற்றுவது மட்டும் கொஞ்சம் மந்தம். பொலித்தீன் பையில் ஒரு சோடி உலர்ந்த காலுறை.

ஜூலை, ஆகஸ்டில் ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்குப் போகிறவர் மட்டும் இதில் பாதியை மாற்றிப் படிக்க வேண்டும். மேற்கில் கொட்டிய மழை மலையைத் தாண்டும்போது வற்றிவிடுகிறது. ஊவாப் பக்கம் இறங்கினால் வறண்ட காற்றுதான், தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே காற்று. போன ஆடியில் வெலிமடை சந்தியில் ரெயின்கோட்டைக் கழற்றிப் பின் ஆசனத்தில் கட்டினேன். பண்டாரவளையில் அவிழ்த்தபோது ஈரமில்லை. மடிப்புகளில் தூசி மட்டும் படிந்திருந்தது.