போனது கேபிள், கடைக்காரன் மாத்துனது டிஸ்ப்ளே

பழைய லேப்டாப்ல டிஸ்ப்ளே மினுக்குதுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க. நான் ரெண்டு தடவ காசு கொடுத்து, நல்லா இருந்த பேனலையும் (படம் காட்டுற ஸ்க்ரீன் பாகம்) பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

2016ல வாங்குன லேப்டாப், புல் எச்டி (1920×1080 புள்ளி) ஐபிஎஸ் ஸ்க்ரீன், அதாவது சாய்வா பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத வகை. கொஞ்ச நாளா மூடிய ஒரு கோணத்துல வச்சா படம் நல்லா வரும், லேசா பின்னாடி சாச்சா மினுக்கும், கோடு ஓடும், சில நேரம் அப்படியே கருப்பாயிடும், திரும்ப முன்னாடி இழுத்தா வந்துடும். எச்டிஎம்ஐல டிவிய மாட்டிப் பாத்தேன், அதுல படம் பளிச்சுன்னு இருந்துச்சு, சரி டிஸ்ப்ளேதான் போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அங்கதான் நான் சறுக்குனது. டிவில படம் ஒழுங்கா வந்தா கிராபிக்ஸ் சிப் நல்லா இருக்குன்னு தெரியும், அவ்ளோதான், பேனல் போச்சா, இல்ல போர்டுல இருந்து பேனலுக்குப் படத்தக் கொண்டு போற கேபிள் போச்சான்னு அது சொல்லாது.

கடைல அந்தப் பையன் ஆன் பண்ணிப் பாத்தான், ஒரு ஸ்க்ரூ கூட கழட்டல, "பேனல் போயிடுச்சு சார், மாத்தியே ஆகணும், ஒரிஜினல் புது பீஸே போட்டுத் தரேன்"னான். கேபிளா இருக்குமோ தம்பின்னு கேட்டேன். "கேபிள்லாம் அவ்ளோ சீக்கிரம் போகாது சார்". ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தக் கேபிள் ஹிஞ்ச் (மூடியோட கீல்) வழியாதான் மேல போகுது, ஒவ்வொரு தடவ மூடி திறக்கும்போதும் மடங்கி மடங்கி நிமிருது, பழைய லேப்டாப்ல மூடிய அசைச்சா மட்டும் மினுக்குதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியதே அதத்தான். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் உறைச்சுது.

மறுநாள் வாங்கிட்டு வந்து ஆன் பண்ணா எழுத்தெல்லாம் குண்டு குண்டா இருக்கு. கலர் வெளுத்துக் கெடக்கு, கொஞ்சம் கீழ குனிஞ்சு பாத்தா படம் நெகட்டிவ் மாதிரி ஆயிடுது. செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா 1920×1080ங்கிற ஆப்ஷனே இல்ல, அதிகபட்சமே 1366×768தான். போன் போட்டேன், "டிரைவர் போடுங்க சார், சரியாயிடும்"னு சொல்றான், நானும் அத நம்பி அரை நாள் டிரைவர் அழிச்சு அழிச்சு போட்டேன் பாருங்க, அத நெனச்சாதான் இன்னும் எரியுது. இருபது லட்சம் புள்ளிக்கு மேல இருந்த எடத்துல பத்து லட்சம் சொச்சம் புள்ளி இருக்கிற பேனல வச்சா எந்த டிரைவர் வந்து மீதிய முளைக்க வைக்கும்?

அப்புறம் எச்டபிள்யூஇன்ஃபோன்னு, கம்ப்யூட்டர் பாகங்களோட விவரம் காட்டுற சாப்ட்வேர் போட்டு மானிட்டர் விவரத்தத் திறந்தேன். பேனல் எந்த வருஷம் தயாரானதுன்னு அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். அதுல 2013னு இருந்துச்சு. "புது பீஸ்" என் லேப்டாப்ப விட மூத்தது!

இதுக்கும் மேல, மூணாவது வாரம் பழைய மினுக்கலே திரும்ப வந்துடுச்சு. வேற ஒரு மெக்கானிக்கிட்ட போனேன், அவர் ஆன்ல வச்சே ஹிஞ்ச் பக்கம் லேசா அழுத்துனாரு, மினுக்குச்சு, விட்டாரு, நின்னுச்சு. பிரேமக் கழட்டிக் காட்டுனா ஹிஞ்ச் உராய்ஞ்சு கேபிள் தோல் உரிஞ்சு, முடி மாதிரி ஒரு வயர் அறுந்து நிக்குது. கேபிள் மட்டும் மாத்துனாரு, முடிஞ்சது. ஆக என் பேனலுக்கு ஒண்ணுமே இல்ல!

பழைய பேனலக் கொடுங்கன்னு முதல் கடைக்குப் போனா "அது டெட் பீஸ் சார், ஸ்க்ராப்ல போயிடுச்சு"ங்கிறாங்க. வாரண்டி கேட்டா, வேற ஆள் கழட்டிட்டாங்க, ஸ்டிக்கர் கிழிஞ்சிடுச்சு, செல்லாதாம். பில்ல காட்டுனா அதுல "டிஸ்ப்ளே மாற்றம்"னு ரெண்டே வார்த்தை, மாடல் நம்பரும் இல்ல ரெசல்யூஷனும் இல்ல, நானும் அன்னிக்கு அதப் பாக்காம மடிச்சு பாக்கெட்ல வச்சிருக்கேன்.

கொடுக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல மானிட்டரோட ஹார்ட்வேர் ஐடிய (எந்த மாடல் பேனல்னு காட்டுற குறியீடு) போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மாத்துன பிறகு அதையே கடைலயே திறந்து காட்டச் சொல்லுங்க. கழட்டுன பாகம் எனக்கு வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க, சொன்னாலே பாதிப் பேர் ஒழுங்கா வேலை பாப்பாங்க. கோடு வந்தா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற போன்ல பாருங்க, அதுலயும் கோடு இருந்தா டிஸ்ப்ளே மேல தப்பு இல்ல. சுத்தமா கருப்பா இருந்தா டார்ச்ச சாய்வா அடிங்க, மங்கலா ஐகான் தெரிஞ்சா, ஸ்க்ரீனுக்குப் பின்னாடி வெளிச்சம் கொடுக்குற பேக்லைட் பக்கம்தான் கோளாறு. டெல் வச்சிருக்கவங்க ஆஃப் பண்ணிட்டு டி கீய அமுக்கிட்டே பவர் பட்டன அமுக்குங்க, நிறைய மாடல்ல ஸ்க்ரீன் தானா செவப்பு, பச்ச, நீலம்னு மாறிக் காட்டும்.

என்னோடது இப்போ மினுக்கல. எக்செல் திறந்தா முன்னாடி ஒரே பார்வைல தெரிஞ்ச நெடுவரிசைல கொஞ்சம் வெளிய நிக்குது, தள்ளித் தள்ளித்தான் பாத்துட்டிருக்கேன்.