கடையில் ஒதென்டிகேட்டர் போட்டுக்கொள்ளாதீர்கள்: 1,150 யூஎஸ்டிடி போய்விட்டது

கொழும்பு, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கைத்தொலைபேசிக் கடை. கிரிப்டோ கணக்குத் திறந்து, டூ-ஃபெக்டரும் (பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டு) போட்டுத் தருவார்கள். மச்சானின் 1,150 யூஎஸ்டிடி (டொலர் பெறுமதியோடு கட்டிய கிரிப்டோ நாணயம்) அந்தச் சேவையால்தான் போனது. ரூபாயில் கிட்டத்தட்ட மூன்றரை இலட்சம்!

ஒதென்டிகேட்டர் என்றால் கணக்கில் நுழைய ஆறு இலக்கக் கோட் தரும் அப். அதை இணைக்கும்போது திரையில் ஒரு கியூஆர் வரும். கடைப் பெடியன் அதை மச்சானின் போனில் ஸ்கேன் பண்ணினான். பிறகு, "சரியா வேலை செய்யுதா எண்டு பாக்கிறன் அண்ணை" என்று தன் போனையும் அதற்கு நேரே பிடித்தான். இரண்டிலும் ஒரே ஆறு இலக்கம். "பாத்தீங்களா, சரி." அதைப் பார்த்துத்தான் மச்சானுக்கு நம்பிக்கையே வந்தது.

அந்தக் கியூஆருக்குள் இருப்பது இரகசியச் சாவி. சாவியையும் நேரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒரு இலக்கம் பிறக்கும். சிம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். எத்தனை போனில் ஏற்றினாலும் ஒரே இலக்கம்தான். எந்தப் போனிலிருந்து வந்தது என்று எக்ஸ்சேஞ்சுக்கு (கணக்கு இருக்கிற கிரிப்டோ சந்தைக்கு) தெரியவே தெரியாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் சாவி மாறாது. பணம் எடுக்க ஈமெயிலுக்கும் ஒரு கோட் வருமே என்பீர்கள். அந்த ஜிமெயிலைத் திறந்து கொடுத்ததும் அதே கடைதான்.

கடைக்காரர் சொல்வது: "நாங்க செட் பண்ணித் தந்ததோட சரி." எக்ஸ்சேஞ்சின் உதவி அரட்டையில் வந்த பதில்: சரியான கோட் கொடுத்தே எடுக்கப்பட்டிருக்கிறது, நன்றி. நன்றியாம்! ட்ரொன் என்ற பிளொக்செயின் வலையில் போன காசு நிமிடக் கணக்கில் உறுதியாகிவிடும், திருப்பிக் கேட்க ஆளில்லை. 1,150 யூஎஸ்டிடி.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. கடையில் போட்டவர்கள் இன்றைக்கே உங்களுடைய புது ஈமெயிலுக்கு மாறுங்கள். பழைய ஒதென்டிகேட்டரைக் கழற்றி, தனியாக இருந்து புதிதாக இணையுங்கள்; அப்போதுதான் பழைய சாவி செத்துப்போகும். 2023 இலிருந்து கூகுள் ஒதென்டிகேட்டர் சாவிகளைக் கூகுள் கணக்கிலும் ஏற்றிவைக்கும் வசதி இருக்கிறது, கடை திறந்த ஜிமெயிலில் அது ஓடினால் ஸ்கேன்கூடத் தேவையில்லை. பாஸ்கீ (கோட் இல்லாமல், உங்கள் போனின் பூட்டைத் திறந்தே உள்நுழையும் முறை) இருந்தால் அதைப் போடுங்கள். வித்ட்ரோவல் வைட்லிஸ்டை (நீங்கள் குறித்த முகவரிகளுக்கு மட்டும் காசு போகவிடும் பட்டியல்) ஓன் பண்ணுங்கள், பல இடங்களில் புது முகவரிக்கு 24 மணிநேரப் பூட்டு விழும். காசு போயிருந்தால் ட்ரான்சாக்ஷன் ஹாஷை (அந்த அனுப்பலின் அடையாளக் குறியீடு) எடுத்துக்கொண்டு இலங்கை சேர்ட்டுக்கு (கணினிப் பாதுகாப்பு அவசர உதவி நிறுவனம்) 101 இல் அழையுங்கள், பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள்.