நாவலைக் கையில் எடுப்பதா, எழுதும் உரிமைக்காக நிற்பதா?

2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலைச் சுற்றிய பிரச்சினை உச்சத்தில் இருந்தபோது, நான் இருக்கும் இயக்கத்தின் எங்கள் ஊர்க் கிளைக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, நாவலையே கையில் எடுப்பது. மொத்தமாக வாங்கி விற்கலாம், தெருமுனைக் கூட்டங்களில் பகுதி பகுதியாக வாசிக்கலாம், துண்டறிக்கை போட்டு வீடு வீடாகக் கொடுக்கலாம். இரண்டாவது, எழுதும் உரிமைக்காக நிற்பது. கண்டனக் கூட்டம், கையெழுத்து இயக்கம், வழக்குக்கு நிதி என்று அத்தனையும் செய்யலாம். ஆனால் நாவல் இன்னதைத்தான் சொல்கிறது என்று இயக்கத்தின் பெயரில் சொல்ல வேண்டாம். நான் இரண்டாவது யோசனைக்காகப் பேசினேன். கிளையும் அதையே ஏற்றது. வேறு ஊர்களில் வேறு புத்தகங்களுக்கு இதே கேள்வி வந்துகொண்டே இருப்பதால், அன்று பேசியதை விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது பலருக்கும் தெரியும். பெருமாள்முருகனின் நாவல் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு. நான்காண்டுகள் அமைதியாக விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். ஜனவரியில் கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அடுத்து, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அந்த முகநூல் அறிவிப்பு.

நாவலைப் பரப்ப வேண்டும் என்றவர்களின் வாதம் லேசானதல்ல. எரிக்கப்பட்ட புத்தகத்தை ஆயிரம் பேர் கையில் சேர்ப்பதுதான் எரித்தவர்களுக்குச் சரியான பதில் என்றார்கள். படிக்காத புத்தகத்துக்காக எப்படிக் கோஷம் போடுவது என்று இளைஞர்கள் கேட்டார்கள். விற்பனையில் மிஞ்சும் காசு வழக்குச் செலவுக்கு ஆகும் என்றும் ஒரு பேச்சு. எல்லாமே ஒத்துக்கொள்ளக் கூடியவைதான். என்னைத் தடுத்தது ஒரே ஒரு விஷயம்: துண்டறிக்கை.

திருச்செங்கோட்டில் எதிர்ப்பைக் கிளப்பியது முழு நாவல் அல்ல. சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் கொடுத்தார்கள். தேரோட்டத்தின் பதினான்காம் நாள் இரவு பற்றிய பகுதிகள் அவை. பிள்ளையில்லாத பெண்கள் அந்த இரவில் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம், அது சாமி கொடுத்த பிள்ளை என்ற வழக்கத்தைப் பேசும் பக்கங்கள். முன்னும் பின்னும் இல்லாமல் அதை வாசிப்பவருக்கு, எங்கள் ஊர்ப் பெண்களை இப்படி எழுதுவதா என்று கோபம் வருவது இயல்பு.

அதற்கு எதிராக எங்கள் கிளையில் ஒரு துண்டறிக்கை வரைவு தயாரானது. அதே இரவிலிருந்துதான் அதுவும் வரிகளை எடுத்திருந்தது. தலைப்பு, பெண் விடுதலையின் குரல் என்ற பொருளில். நாவலை முழுக்கப் படித்திருந்த ஒரு தோழர் வரைவைப் பார்த்துவிட்டு, "இதுல பொன்னா எங்கப்பா? முத்து அவகிட்டச் சொன்னதை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

அவர் கேட்டது நாவலின் உயிர்நாடியை. காளியும் பொன்னாவும் ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கும் தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது, பிள்ளையில்லை. போகாத கோயில் இல்லை. மலையுச்சியில் விழுந்தால் எலும்புகூடத் தேறாத இடத்தில் இருக்கும் வறடிக்கல்லையும் அவள் சுற்றி வருகிறாள். காளிக்கு இரண்டாம் கல்யாணம் செய்யலாம் என்ற பேச்சு எழுகிறது, அவன் மறுக்கிறான். பதினான்காம் நாளுக்குப் போகும் யோசனையை வீட்டுப் பெரியவர்கள் எடுக்கிறார்கள். காளி சம்மதிக்கவில்லை. ஆனால் அவன் சம்மதித்துவிட்டதாகச் சொல்லித்தான் அண்ணன் முத்து பொன்னாவை நம்பவைக்கிறான். புருஷன் ஒப்புதலோடுதான் போகிறோம் என்று நினைத்தே அவள் போகிறாள். அன்றிரவு முத்து காளியைக் குடிக்க அழைத்துப் போய்விடுகிறான். விடியுமுன் திரும்பி வந்து, வீட்டில் அவள் இல்லை என்று கண்டு, பூவரச மரத்தடியில் நிற்கும் காளியோடு நாவல் முடிகிறது.

இதை விடுதலை என்று ஒரு வரியில் எழுத முடியுமா? ஒரு பெண்ணின் ஏக்கத்தையும் நம்பிக்கையையும் குடும்பமே சேர்ந்து பயன்படுத்திக்கொள்ளும் கதை இது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதுதான் கொடுமை. அவளை இழிவுபடுத்துகிறது என்று நகலெடுத்தவர்களும் முத்துவின் பொய்யை விட்டுவிட்டார்கள். அவளைக் கொடியாக்க நினைத்த நாங்களும் அதே பொய்யை விட்டுவிட்டோம். பக்கங்களை வெட்டாமல் துண்டறிக்கை போட முடியாது. வெட்டினால் இந்த நாவல் மிஞ்சாது. இரண்டாவது வழியில் இந்தச் சங்கடம் கிடையாது. எழுத்தாளரை மிரட்டி மன்னிப்பு வாங்காதே என்று சொல்ல, பொன்னா சரியா தவறா என்று இயக்கம் முடிவு செய்யத் தேவையில்லை. நாவல் பிடிக்காதவரும் அந்தக் கையெழுத்தைப் போடலாம். போட்டார்கள்.

தெருமுனைக் கூட்டம் எங்கே போய் முடியும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. முதல் கேள்வியே, "அந்த வழக்கம் நிஜமாகவே இருந்ததா, ஆதாரம் எங்கே?" என்றுதான் வரும். நாவலைக் கொள்கை விளக்க நூலாகக் கொண்டுபோனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு வந்துவிடும். புனைகதைக்கு வரலாற்றுச் சான்று தேடி மேடையில் தடுமாறிக்கொண்டிருப்போம். மிரட்டல் பற்றிய பேச்சு காணாமல் போய்விடும்.

இயக்கம் ஒரு நாவலைத் தன்னுடையதாக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. அப்டன் சின்க்ளேர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'தி ஜங்கிள்', 1905இல் கன்சாஸிலிருந்து வந்த 'அப்பீல் டு ரீசன்' என்ற சோசலிசப் பத்திரிகையில் தொடராக வந்தது. பத்திரிகையே முன்பணம் கொடுத்து எழுத வைத்தது. இயக்கம் அதைத் தோளில் சுமந்தது. புத்தகம் 1906இல் வந்து நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் தேதி இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் நிறைவேறின. பெரிய வெற்றிதான். ஆனால் வாசகர்கள் பதறியது தங்கள் தட்டில் இருக்கும் கறியை நினைத்து. தொழிலாளியின் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் அந்தச் சட்டங்களில் ஒன்றுமில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது என்று சின்க்ளேரே வருந்தினார். இயக்கத்துக்காகவே எழுதப்பட்ட நாவலின் கதி இது. எந்த இயக்கத்துக்காகவும் எழுதப்படாத 'மாதொருபாக'னை நாம் இழுத்த பக்கம் வரச் சொல்வது எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் நூல்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களையும், தன்னை விட்டுவிடும்படி எல்லாரையும் அந்த முகநூல் அறிவிப்பில் பெருமாள்முருகன் கேட்டிருந்தார். நெருக்கடியில் சொன்னது, அதை மதிப்பது மிரட்டியவர்களுக்கே சாதகம் என்று சிலர் வாதிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவர் சார்பாக வழக்காடலாம், அவர் தலைமேல் இன்னொரு ஊர்வலம் விடக் கூடாது.

வழக்கு என்ன செய்தது என்று பாருங்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு, நாமக்கல்லில் ஆன உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடு, படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது. எழுத்தாளர் அச்சமின்றி எழுத வேண்டும் என்று முடித்தது. அந்தத் தீர்ப்பு ஒரு நாவலுக்கு மட்டுமல்ல, இனி மிரட்டப்படும் எந்த எழுத்துக்கும் துணை நிற்கும். நாங்கள் எத்தனை பிரதி விற்றிருந்தாலும் அது கிடைத்திருக்காது. அவ்வாண்டே பெருமாள்முருகனின் கவிதைத் தொகுப்பு 'கோழையின் பாடல்கள்' வந்தது, 'பூனாச்சி' நாவல் வந்தது.

முதல் வழி எங்கும் எடுபடாது என்று நான் சொல்லவில்லை. அரசே தடை செய்து, நீதிமன்றக் கதவும் சாத்தியிருக்கும் நாட்டில் கையெழுத்துப் பிரதியை ஒளித்துப் பரப்புவது ஒன்றே வழியாக இருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் நான் வாழ்ந்ததில்லை. எங்கள் ஊர் திருச்செங்கோடும் அல்ல. கடையடைப்பு நாளில் அங்கே இருந்திருந்தால் நிதானமாக இப்படிப் பிரித்துப் பேசியிருப்பேனா என்று தெரியாது.

நாவலைப் பேசவே கூடாது என்பதும் என் கட்சியல்ல. தீர்ப்பு வந்தபின் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதை எடுத்தோம். முழுதும் படித்தவர்கள் மட்டும் பேசலாம் என்பது ஒரே விதி. கூடவே இந்த நாவலின் தொடர்ச்சியாக அவரே எழுதிய 'ஆலவாய'னையும் 'அர்த்தநாரி'யையும் வைத்துக்கொண்டோம். பூவரச மரத்தடிக்குப் பின் காளி இறப்பதாக ஒன்று, பிழைப்பதாக இன்னொன்று. பொன்னாவை மன்னிக்கவே முடியாது என்று ஒருவர் சொன்னார், மன்னிக்க அவள் என்ன செய்தாள் என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். கிளை அதில் எந்தத் தீர்மானமும் போடவில்லை.