பழைய கார் ஏசி: கேன் கேஸா, வேக்கம் பம்பா?

பழைய காரில் ஏசி காற்று வெதுவெதுப்பாக வந்தால் வீட்டிலேயே செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, கேனில் வரும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸை லோ சைடில் (ஏசியின் அழுத்தம் குறைந்த பக்கத்தில்) ஏற்றிவிடுவது. மற்றது, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்புவது.

கேன் வேலை கால் மணி நேரம்தான். ஆனால் கேஸ் என்ன, பெட்ரோல் மாதிரி எரிந்தா தீர்கிறது? குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கேனோடு வரும் ஒற்றை கேஜ் லோ சைடு அழுத்தத்தை மட்டும் காட்டும். அதுவும் வெயிலுக்கேற்ப மாறும். அதை நம்பி அதிகம் ஏற்றினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசர் திணறும். கசிவடைக்கும் மருந்து கலந்த கேன் பக்கமே நான் போகமாட்டேன்.

இரண்டாவது வழிக்கு மேனிஃபோல்டு கேஜ் (இரு பக்க அழுத்தத்தையும் காட்டுவது), வேக்கம் பம்ப், தராசு வேண்டும். அரை நாள் போகும். மிச்ச கேஸைக் காற்றில் விடாமல் பட்டறையில் எடுக்கச் சொல்லுங்கள். ஓ-ரிங் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்), ரிசீவர் டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்றியபின் 30–45 நிமிடம் வேக்கம். அழுத்தம் இறங்கியதும் உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். தங்கிவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வின் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) குறுகிய துளையில் பனியாக அடைக்கும், அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் நகரவில்லையா? பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவை ஏற்றலாம்.

சில வருடத்துக்கு ஒருமுறை லேசாகக் குறைந்தால் கேன் போதும். சில வாரத்திலேயே காலியானால் கேன் வாங்குவது வீண்செலவு. 134ஏ-க்கு முந்தைய ஆர்-12 கேஸ் காலத்து காரில் கேனைத் தொடவே வேண்டாம். அதன் கம்ப்ரசருக்கான மினரல் ஆயில் 134ஏ-யோடு கலக்காது.

எந்த வழியானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். திரவ நிலையில் 134ஏ மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும்; பட்டால் தோலும் கண்ணும் உறைந்துவிடும்.